மல்லாட்டை மூட்டையும் மத்தியஸ்தமும்: வியாபார வழக்கு கோர்ட்டுக்கு வெளியே தீர்ந்த கதை

"கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்" என்று நம் ஊர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. நிலத் தகராறு பற்றித்தான் இதைப் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் வியாபாரத் தகராறுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். நிலம் எங்கும் ஓடிப் போகாது, பத்து வருடம் கழித்தும் அங்கேயே கிடக்கும். வியாபாரியின் முதல் அப்படி இல்லை. அது சுழன்றுகொண்டே இருந்தால்தான் பணம், நின்றுவிட்டால் வட்டி!

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் ரோட்டில் கோலியனூர் கூட்டுரோட்டைத் தாண்டாத சரக்கு லாரி இருக்காது. நெல், கரும்பு, உளுந்து, மல்லாட்டை என்று எல்லாம் போகும். (மல்லாட்டை தெரியாத வெளியூர் நண்பர்களுக்கு: வேர்க்கடலை. மணிலா என்றும் சொல்வார்கள்.) உதாரணத்துக்கு, இந்தப் பக்கத்து மண்டிக்காரர் ஒருவர் 100 மூட்டை மல்லாட்டைப் பருப்பை ஓர் எண்ணெய் ஆலைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சரக்கில் ஈரம், பூஞ்சை" என்று சொல்லி ஆலைக்காரர் நாலு லட்சம் ரூபாயை நிறுத்தி வைக்கிறார். மண்டிக்காரரோ "அனுப்பும்போது காய்ந்த சரக்குதான்" என்கிறார். யார் சொல்வது சரி? அதை யார் முடிவு செய்வது? எத்தனை நாளில்?

இந்த ஒரே கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் கண்டுபிடித்தது. அந்தப் பதில்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மூன்று சொற்கள்

ஆர்பிட்ரேஷன் என்றால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்வது. பிடிக்காவிட்டாலும் அது கட்டுப்படுத்தும். மீடியேஷன் என்றால் சமரசம். நடுவில் உட்காருபவர் தீர்ப்புச் சொல்லமாட்டார், இருவரையும் பேச வைத்து அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவுவார். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் இரு தரப்பும் சம்மதித்தால் அங்கேயே உத்தரவாக எழுதிக் கொடுத்துவிடும். கோர்ட் கட்டணம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

பி.காம் மாணவர்களுக்கு ஒரு ஞாபகப்படுத்தல். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஒருவர் கோர்ட்டுக்குப் போவதையே தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் தகராறை நடுவரிடம் விடுவதாக எழுதிய ஒப்பந்தத்துக்கு அதே பிரிவு விதிவிலக்கும் தருகிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அந்த ஒரு விதிவிலக்குக்குப் பின்னால் சில நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

புதுச்சேரிச் சாவடி

கோலியனூரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில், பிரெஞ்சுக் கம்பெனிக் காலத்தில் சாவடி நீதிமன்றம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஷோத்ரி' என்று எழுதினார்கள். இந்தியர்களுக்குள் வரும் சிவில் வழக்குகள் அங்கே போகும். உட்கார்ந்தவர்கள் பிரெஞ்சு அதிகாரிகள். அவர்களுக்கு நம் ஊர் வழக்கமும் தெரியாது, கணக்கு நோட்டும் புரியாது. அதனால் பல வழக்குகளை ஊர்ப் பெரியவர்கள், சாதித் தலைவர்கள், வியாபாரிகள் கையில் நடுவர் தீர்ப்புக்காகக் கொடுத்தார்கள். 1747-ல் தலைமை துபாஷ் ஆன ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், அக்காலப் புதுச்சேரியில் வியாபாரிகளின் பாக்கியும் தகராறும் எவ்வளவு பெரிய விஷயம் என்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நடுவர் ஊர்க்காரர், ஆனால் அவருக்குப் பின்னால் கம்பெனியின் அதிகாரம் நின்றது. தீர்ப்பு சொல்வது ஒருவர், அமல்படுத்துவது இன்னொருவர். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் மத்தியஸ்தம் வேலை செய்யும் என்பது பிற்கால அனுபவம். 1819-ல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் அமலுக்கு வந்தபின் நிலைமை மாறியது.

மன்றோவின் பஞ்சாயத்து ஏன் தோற்றது?

தென்னாற்காடு 1801-ல் ஆங்கிலக் கம்பெனி கைக்கு வந்தது. அடுத்த வருடமே ஆங்கிலேயர் ஜில்லா கோர்ட்டுகளைக் கொண்டுவந்தார்கள். வழக்குகள் மலைபோலக் குவிந்தன. அப்போது தாமஸ் மன்றோ சொன்ன யோசனைதான் 1816-ஆம் ஆண்டு சென்னை ஒழுங்குமுறைகள். கிராம முன்சீப் 10 ரூபாய் வரையிலான வழக்கைத் தானே தீர்க்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் நடுவராக இருந்து 100 ரூபாய் வரை தீர்க்கலாம். அதற்கு மேல் சம்மதத்தின் பேரில் கிராமப் பஞ்சாயத்து கூட்டலாம்.

காகிதத்தில் அருமையான திட்டம். நடைமுறையில் பஞ்சாயத்துக்குப் போனவர்கள் மிகக் குறைவு. மக்கள் செலவு செய்துகொண்டு கோர்ட்டுக்கே போனார்கள். ஏன்?

பஞ்சாயத்தில் உட்காருபவருக்குச் சம்பளம் கிடையாது, கெட்ட பெயர் மட்டும் நிச்சயம். எனவே உட்கார ஆள் வரவில்லை. உட்கார்ந்தவரும் ஊரில் ஒரு கட்சியைச் சேர்ந்தவராக இருந்தார். ஊரில் பலமில்லாதவனுக்கு, தன்னை யாரென்று தெரியாத ஜட்ஜே மேல் என்று தோன்றியிருக்கும். "அந்தக் காலத்தில் எல்லாம் ஆலமரத்தடியில் அழகாகத் தீர்ந்தது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, 1816-க்குப் பிறகு அந்த ஆலமரத்தடியைச் சட்டமே விரித்துக் கொடுத்தபோது நம் முன்னோர்கள் அதிகம் பேர் போய் உட்காரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்து: வியாபாரிக்கு வியாபாரியே நீதிபதி

இங்கிலாந்திலும் ஆரம்பத்தில் சிக்கல்தான். 1609-ல் வைனியர் வழக்கில், நடுவரின் அதிகாரத்தை ஒரு தரப்பு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று கோர்ட் சொன்னது. அதாவது தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் எழுந்து போய்விடலாம்! இதற்கு மருந்தாக 1698-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் வரைவைத் தயாரித்ததில் முக்கியமானவர் தத்துவ அறிஞர் ஜான் லாக். நடுவரிடம் போகும் ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் பதிந்துகொண்டால், மீறுவது கோர்ட் அவமதிப்பு ஆகும்.

அதன்பின் வியாபாரச் சங்கங்கள் வந்தன. 1878-ல் லண்டன் தானிய வணிகச் சங்கம் தொடங்கியது. இன்று உலக தானிய வியாபாரத்தில் பெயர் பெற்ற 'காஃப்டா' அதன் வாரிசு. எண்ணெய் வித்துக்கும் எண்ணெய்க்கும் 'ஃபாஸ்ஃபா' என்ற சங்கம் இருக்கிறது. இரண்டும் 1971-ல் பழைய சங்கங்கள் இணைந்து இப்போதைய உருவம் பெற்றவை.

இவர்கள் முறை மிகவும் எளிது. சரக்கு இறங்கும்போதே மாதிரி எடுத்து சீல் வைப்பார்கள். தகராறு வந்தால் அதே தொழிலில் பல வருடம் இருந்தவர் நடுவராக வருவார். வக்கீல் வாதம் கிடையாது. கையில் எடுத்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், எவ்வளவு தள்ளுபடி என்று சொல்லிவிடுவார். ஆங்கிலேயர்களே இதற்குப் 'பார்த்து மோந்து தீர்ப்பு' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். தீர்ப்புப்படி பணம் கொடுக்காதவர் பெயரைச் சங்கம் மற்ற உறுப்பினர்களுக்கு அறிவித்துவிடும். அதன்பின் அவருடன் யார் வியாபாரம் செய்வார்?

இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார்கள் ரங்கூன் மொகல் தெருவில் கூடி வட்டி விகிதம் பேசி முடிவு செய்தார்கள். சொல் தவறியவனுக்கு அடுத்த கடன் கிடைக்காது. லண்டனின் அறிவிப்புப் பலகை செய்த வேலையை இங்கே நாணயம் என்ற ஒரு சொல் செய்தது.

பிரான்ஸ்: வியாபாரியைக் கோர்ட்டுக்குள்ளேயே உட்கார வைத்தது

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1563-ல் பாரிஸில் வியாபாரிகளுக்கென்று தனிக் கோர்ட் அமைக்க அரச ஆணை வந்தது. நீதிபதிகள் வக்கீல்கள் அல்ல, வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகள். 1807-ன் வணிகச் சட்டத் தொகுப்பும் இதைத் தொடர்ந்தது. இன்றும் பிரான்ஸில் இந்த முறை இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ், மார்செய் உட்பட 12 நகரங்களில் இவற்றைப் 'பொருளாதார நடவடிக்கைகளுக்கான நீதிமன்றம்' என்று மாற்றி, அதிகாரத்தையும் கூட்டிச் சோதனை செய்கிறார்கள்.

கோர்ட்டிலேயே வியாபாரி இருக்கிறார் என்பதாலோ என்னவோ, வெளியே போய் நடுவர் வைத்துக்கொள்வதைப் பிரான்ஸ் சந்தேகமாகவே பார்த்தது. தகராறு வருவதற்கு முன்பே, நடுவர் பெயர் கூடக் குறிப்பிடாமல், "எதிர்காலத் தகராறு நடுவருக்குப் போகும்" என்று எழுதுவது செல்லாது என்று 1843-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 1925 டிசம்பர் 31-ல் வந்த சட்டம்தான் வணிக ஒப்பந்தங்களில் அப்படிப்பட்ட ஷரத்தை அனுமதித்தது. அதற்கு முன்பே, 1923-ல், சர்வதேச வணிகச் சபை தன் நடுவர் மன்றத்தைப் பாரிஸில் தொடங்கியிருந்தது.

இங்கேதான் நம் மல்லாட்டை வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்ஸின் மார்செய் நகரத்துக்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும் அது மூலப்பொருள். 1879-ல் விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை திறந்தபின் சரக்கு போவது இன்னும் சுலபமாயிற்று. தோல் உரிக்க வசதியாகத் தண்ணீர் தெளித்து அடிக்கும் பழக்கம் இருந்ததால் கப்பலில் ஈரம் ஏறிச் சரக்கு கெட்டது என்பது அக்காலத்துப் பெரிய புகார். ஈரமா, காய்ந்ததா என்ற அதே சண்டை! விளைவித்தவன் தென்னாற்காட்டில், தரம் பார்ப்பவன் மார்செயில். விலையைக் குறைத்தால் 'சரி' என்பதைத் தவிர இங்குள்ளவனுக்கு வழி என்ன?

கூடத்துக்குள் வந்த நியாயம்

அந்தக் கேள்விக்கு உள்ளூரில் கிடைத்த ஒரு பதில் 1933-ஆம் ஆண்டு சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம். இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அந்த வழியில் வந்தவை. சரியான எடை, திறந்த ஏலம், எழுதி வைத்த கமிஷன் என்று கொண்டுவந்ததோடு, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் எடை, தரம் பற்றி வரும் தகராறைச் சந்தைக்குள்ளேயே பேசித் தீர்ப்பதும் இந்தச் சந்தைகளின் நோக்கங்களில் ஒன்று. நம் ஊர் விவசாயி பார்த்த முதல் 'மாற்றுமுறைத் தீர்வு' ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும், யாரும் அந்தப் பெயரில் அதைச் சொல்லாவிட்டாலும்.

அமெரிக்காவும் இலங்கையும்

நியூயார்க் வணிகச் சபை 1768-ல் தொடங்கியபோதே உறுப்பினர்களின் தகராறு தீர்க்க ஒரு குழு வைத்தது. 1925-ல் அமெரிக்கா நடுவர் ஒப்பந்தங்களுக்குச் சட்ட பலம் கொடுத்தது. இன்று அங்கே வேறு பிரச்சினை. சாதாரண வாடிக்கையாளர் படிக்காமல் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலும் நடுவர் ஷரத்து இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகும் உரிமையைத் தெரியாமலே இழக்கிறார்கள் என்று பெரிய விவாதம் நடக்கிறது.

பக்கத்து இலங்கை, பெரிய கம்பெனிகளை விடச் சிறிய மனிதர்களைப் பற்றி முதலில் யோசித்தது. 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் அமைந்தன. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வழக்குகள் முதலில் அங்கேதான் போக வேண்டும். 2016-ல் அந்த வரம்பு 5 லட்சம் இலங்கை ரூபாயாக உயர்ந்தது. தீராவிட்டால் சபை ஒரு சான்றிதழ் தரும். அது இருந்தால்தான் கோர்ட். உட்காருபவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. மன்றோவின் பஞ்சாயத்தோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் முக்கியம். கட்டாயம் பேசிப் பார்க்க வேண்டும், ஆனால் கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இந்தியா: சட்டத்துக்குப் பஞ்சமில்லை

1899-ல் இந்திய ஆர்பிட்ரேஷன் சட்டம் வந்தபோது சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற தலைமை நகரங்களுக்குத்தான் அது முதன்மையாகப் பொருந்தியது. விழுப்புரம் வியாபாரிக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தில் இருந்த விதிகள்தான். எல்லோருக்கும் பொதுவாக வந்தது 1940-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஒவ்வொரு படியிலும் கோர்ட் தலையிடலாம். வழக்கைத் தவிர்க்க வந்தவன் நடுவர் முன் ஒரு வழக்கு, கோர்ட்டில் ஒரு வழக்கு என்று இரண்டு நடத்தினான். 1981-ல் குருநானக் ஃபவுண்டேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றமே, இந்தச் சட்டம் நடக்கும் விதத்தைப் பார்த்து வக்கீல்கள் சிரிக்கிறார்கள், சட்டத் தத்துவம் பேசுபவர்கள் அழுகிறார்கள் என்ற பொருளில் வருந்தியது.

1985-ல் ஐ.நா. தந்த மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி 1996-ல் புதிய ஆர்பிட்ரேஷன் மற்றும் சமரசச் சட்டம் வந்தது. நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு போட்டாலே தீர்ப்பு தானாக நின்றுவிடும் நிலை அதிலும் இருந்தது. 2015 திருத்தம் அதை மாற்றியது. விசாரணைக்கு ஒரு வருடம், சம்மதித்தால் இன்னும் ஆறு மாதம் என்று காலவரம்பும் வைத்தது.

அதைவிடப் பெரிய கேள்வி, நடுவரை யார் நியமிப்பது? கடன் கொடுத்த கம்பெனியே நடுவரை நியமித்தால் டிராக்டர் கடன் வாங்கியவர் என்ன நியாயத்தை எதிர்பார்ப்பார்? 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில், முடிவில் நலன் உள்ள ஒருவர் தனியாக நடுவரை நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு நிறுவனங்கள் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் ஒருதலைப்பட்சமான நியமன ஷரத்து சமத்துவத்துக்கு எதிரானது என்று உறுதியாகச் சொன்னது.

சமரசத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய சமரச மையம், கோர்ட்டோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே முன்னோடி. 2018-ல் வணிக நீதிமன்றச் சட்டத்தில் 12ஏ பிரிவு சேர்ந்தது. மூன்று லட்ச ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்கில், அவசரத் தடை தேவை என்றால் தவிர, வழக்குப் போடுமுன் சமரசத்துக்குப் போக வேண்டும். இது கட்டாயம் என்று 2022-ல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2023-ல் மீடியேஷனுக்கென்றே தனிச் சட்டமும் வந்துவிட்டது.

நம் மண்டிக்காரர் என்ன ஆனார்?

இப்போது அந்த நாலு லட்சத்துக்கு வருவோம். அவர் லண்டன் சங்கத்து ஒப்பந்தத்தில் விற்றிருந்தால் சீல் வைத்த மாதிரி பேசியிருக்கும். பிரான்ஸில் இருந்தால் நீதிபதியே ஒரு வியாபாரி. இலங்கையில், வரம்புக்குள் வரும் தொகையாக இருந்தால், மத்தியஸ்த சபை பார்த்திருக்கும்.

விழுப்புரத்தில்? தொகை மூன்று லட்சத்துக்கு மேல் என்பதால் 12ஏ பிரிவின்படி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசம். காலம் மூன்று மாதம், சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். எதிர்த் தரப்பு வராவிட்டால் 'தீரவில்லை' என்று அறிக்கை வாங்கிக்கொண்டு கோர்ட்.

2006-ஆம் ஆண்டு சிறு, குறு தொழில் சட்டம் இன்னும் வலுவானது. 45 நாளுக்கு மேல் பணம் தராதவர், வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். வசதி மன்றத்தில் மனுச் செய்தால் முதலில் சமரசம், தீராவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை வாங்கியவர் எதிர்க்க வேண்டுமானால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். ஆனால் நம் மண்டிக்காரருக்கு இது உதவாது! 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளை இந்தப் பட்டியலில் சேர்த்தபோது, வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். அதே சரக்கை ஆட்டி எண்ணெயாக்கி விற்கும் சிறு ஆலைக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு, மல்லாட்டையாக வாங்கி விற்றவருக்கு இல்லை.

அப்படி வழி அடைபடும்போதுதான் மூன்றாவது வழி ஒன்று திறக்கிறது, கட்டப் பஞ்சாயத்து. வேகமாகத் தீரும், செலவும் குறைவு போலத் தெரியும். ஆனால் அங்கே சம்மதம் இல்லை, பயம்தான் இருக்கிறது. தீர்த்து வைத்தவருக்கு ஒரு பங்கும் போகும். மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை. மத்தியஸ்தம் என்ற பெயரை அதற்குக் கொடுப்பது அந்தச் சொல்லுக்கே அவமானம்.

கடைசியாக

இந்த நாடுகளையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று விஷயம் தெரிகிறது. நடுவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் (லண்டன், பிரான்ஸ்). அவர் இரு பக்கத்துக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும் (மன்றோ தோற்ற இடம்). முடிவுக்குப் பின்னால் சட்டம் நிற்க வேண்டும் (1698 முதல் 2023 வரை எல்லோரும் ஓடியது இதற்காகத்தான்). இந்தியா மூன்றாவதில் நிறைய உழைத்துவிட்டது, இரண்டாவதைச் சமீபத்தில்தான் பிடித்தது. முதலாவது இன்னும் பாக்கி. விழுப்புரம் கூடத்தில் முப்பது வருடம் மல்லாட்டையைக் கையில் உருட்டிப் பார்த்த ஒருவரைவிட ஈரம் பற்றிச் சொல்லத் தகுதியானவர் யார்? அவரைப் பயிற்சி கொடுத்து நடுவராக்கும் சங்கம் ஒன்று மாவட்டத்துக்கு ஒன்று இருந்தால் போதும்.

அதுவரை, பில் புத்தகத்தின் அடியில் பொடி எழுத்தில் 'விழுப்புரம் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று ஒரு வரி அச்சடித்திருப்பார்கள் இல்லையா, அதற்கு மேலே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. சரக்கு ஏறும்போது இருவர் முன்னிலையில் மாதிரி எடுத்து சீல் வைக்கப்படும், தரத் தகராறு வந்தால் இருவரும் சேர்ந்து நியமிக்கும் ஒரு நடுவர் 30 நாளில் முடிவு சொல்வார் என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் சட்டம் அதை ஏற்கும். அச்சுக்கூலி சில நூறு ரூபாய். நாலு லட்சத்துக்கு அது அதிகமில்லை.